என் ரத்தத்தில் ஒன்றும் இல்லை

என் ரத்தத்தை நானே எடுத்துக்கொண்ட காலையிலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

ஆரப்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு அறுபது பேருக்காவது ஊசி குத்துவேன். வீறிடுகிற குழந்தைகள், நரம்பே கிடைக்காத தடித்த கைகள், ஊசியைப் பார்த்ததும் மயங்கிச் சாயும் மீசைக்காரர்கள் எல்லாரையும் பார்த்தாயிற்று. என் கையில் நானே குத்திக்கொண்டது அன்றைக்குத்தான். காலை ஆறரை மணி, வேறு யாரும் வந்திருக்கவில்லை. ரப்பர் பட்டையின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்து இடது கையில் கட்டினேன். மூன்று குழாய் எடுத்தேன். ஊதா மூடியில் ரத்த அணுக்களுக்கு, மஞ்சள் மூடியில் தைராய்டுக்கும் வைட்டமினுக்கும், சாம்பல் மூடியில் சர்க்கரைக்கு.

நாலு மாதமாக உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. படியேறினால் கால் கனத்தது. சாப்பாட்டில் உப்பு கூடவா குறைவா என்று தெரியவில்லை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே முழிப்பு வந்துவிடும், பிறகு தூக்கமில்லை. குளிக்க வேண்டும் என்று நினைத்து, குளியலறை வாசலில் துண்டோடு நின்று, அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்த நாட்கள் உண்டு. ரத்தசோகையாக இருக்கும் என்று நினைத்தேன், அல்லது தைராய்டு. என் வயதில் பாதிப் பெண்களுக்கு நான்தான் அந்த முடிவை அச்செடுத்துக் கொடுக்கிறேன்.

மதியம் முடிவு வந்தது. ஒவ்வொரு வரியும் இருக்க வேண்டிய அளவுக்குள் இருந்தது. பத்தொன்பது வருடமாக மற்றவர்களிடம், "எல்லாம் நார்மலா இருக்குங்க, பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. ஏதாவது ஒன்று குறைந்திருந்தால் ஒரு மாத்திரை இருந்திருக்கும், ஒரு காரணமும் இருந்திருக்கும். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால் நான் வெறும் சோம்பேறி, அவ்வளவுதான் என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே ஒரு பழக்கம், கதை படிப்பது. பெரிய இலக்கியமெல்லாம் இல்லை. பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிற்றில் தொங்குமே, மாதாமாதம் வரும் துப்பறியும் நாவல், அதுதான். முதல் பக்கத்தில் ஒரு பிணம், கடைசிப் பக்கத்தில் கொலைகாரன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து படிக்கிறேன். சோறு வேகும்போதும் மின்சாரம் போனபோதும் என் மகள் நிவேதா வயிற்றில் இருந்தபோதும் படித்தேன். அந்த நாலு மாதத்தில் அதுவும் போயிற்று. ஒரு வரி படிப்பேன், அடுத்த வரிக்குப் போகும்போது முந்தியது அழிந்திருக்கும். பத்தாம் பக்கத்தில் செத்தது யார் என்றே தெரியாது. புத்தகத்தை மூடி வைத்தபோது, வீட்டுக்குள் எனக்கென்று இருந்த ஓர் அறைக்குப் பூட்டுப் போட்டதுபோல இருந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்? கதைப்புத்தகம் படிக்க முடியவில்லை என்று சொன்னால் அது ஒரு வியாதியா?

பிறகு அந்தத் தப்பு நடந்தது.

ஒரே நாளில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் செக்கானூரணிப் பக்கத்து விவசாயி, அறுபது வயதிருக்கும். இன்னொருத்தி ஆறு மாத கர்ப்பிணி. அவர் பெயர் செல்வம், அவள் பெயர் செல்வி. குழாயில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். அவருக்கு ரத்தம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, வயிற்றுப் புண்ணிலிருந்து உள்ளுக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அவரிடம் எல்லாம் நார்மல் என்று தாள் போயிற்று. அந்தப் பெண்ணிடம் உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்று போயிற்று. அவளைப் பார்த்த டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்துச் சந்தேகப்பட்டு மறுபடி சோதிக்கச் சொன்னதால் இரண்டு நாளில் பிடிபட்டது. அவரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்து பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

கூடத்து முதலாளி திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. "கலா, ஒனக்கு என்னம்மா ஆச்சு? நீ செய்யிற வேலையா இது?" என்றார்.

"தெரியல சார்."

"கொஞ்ச நாள் வீட்ல இரு. சொல்றேன்."

வீட்டுக்கு ஐந்து நிமிட நடைதான். நான் போகவில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினோரு மணி இருக்கும். பஸ்கள் வந்தன, போயின. ஆட்கள் இடம்பிடிக்க ஜன்னல் வழியே துண்டையும் பையையும் வீசினார்கள். ஒரு காரியமும் என்னைத் தொடவில்லை. நான் செத்துப்போய் மூன்று மாதமாகி, அது எனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறதோ என்றுகூட நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டி அரசு பஸ் கண்டக்டர், தேனி வழித்தடம். மூன்று மணிக்கு அவருடைய வண்டி வந்து நின்றது. ஆட்களை இறக்கிவிட்டுக் கீழே குதித்தவர் என்னைப் பார்த்தார்.

"ஏ கலா, இங்க என்ன பண்ற? எங்க போற?"

"தெரியலங்க."

"சாப்பிட்டியா?"

காலையில் சாப்பிட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். இருபது வருடத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை. வண்டி பத்து நிமிடத்தில் திரும்பக் கிளம்ப வேண்டும், விட்டுவிட்டு வர முடியாது. என்னை விட்டுப் போகவும் மனமில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்தார். மெஷினில் ஒரு டிக்கெட் அடித்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "தேனி போயிட்டுத் திரும்ப வந்துருவோம். நீ பேசாம உக்காந்திரு."

அப்படி ஒரு பயணம் போனேன். நாகமலை கூடவே வந்தது. செக்கானூரணியில் வண்டி நின்றபோது, அந்த மனிதர் இங்கேதான் எங்கேயோ இருந்து வந்திருப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். உசிலம்பட்டியில் கூட்டம் ஏறியது. அவர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே என் பக்கம் வரும்போதெல்லாம் தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். திரும்பும்போது ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் ஆட்கள் குறைந்தார்கள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னன்னு சொல்லு. வேலையில ஏதும் பிரச்சினையா?"

சொன்னேன். குழாய் மாறியதைச் சொன்னேன். பிறகு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்ததையும் சொன்னேன். "சாகணும்னு இல்லங்க. காலைல எந்திரிக்காமயே போயிட்டா நல்லாருக்கும்னு தோணுது. தெனமும் தோணுது."

அவர் டிக்கெட் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். உசிலம்பட்டியில் விசில் அடிக்கவே மறந்துவிட்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அண்ணே, போலாமா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

மறுநாள் மனநல மருத்துவரைப் பார்த்தோம். திருப்பரங்குன்றம் போகும் வழியில் ஒரு தனியார் மருத்துவமனை. காத்திருக்கும் கூடத்தில் எல்லாரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்தவர் யாராவது இருந்துவிடக்கூடாதே என்பதுதான் எல்லாருடைய கவலையும். என்னுடையதும். ஊரில் பாதிப் பேர் கையில் ஊசி குத்தியவள் நான்.

டாக்டர் என்னைவிட வயதில் சிறியவர். முக்கால் மணி நேரம் கேள்வியாகக் கேட்டார். தூக்கம், பசி, அழுகை, கவனம். எப்போதிலிருந்து, வாரத்தில் எத்தனை நாள் என்று. கடைசியில், "இது மனச்சோர்வு நோய். உங்களுக்குக் கொஞ்சம் கடுமையாவே இருக்கு" என்றார்.

"டெஸ்ட் எதுவும் எடுக்கலையே?"

சிரித்தார். "நீங்க லேபுல இருக்கீங்க, அதான் கேக்குறீங்க. இதுக்கு ரத்தத்துல டெஸ்ட் கிடையாதும்மா. மத்த வியாதி இல்லன்னு உறுதி பண்ணத்தான் ரத்தம் பாப்போம். அத நீங்களே பாத்துட்டீங்க. மீதியெல்லாம் நீங்க வாயால சொல்றதுதான்."

"அப்ப நான் பொய் சொன்னா?"

"சொல்றீங்களா?"

"இல்ல."

"அப்ப நம்புறேன்."

நாலு மாதத்தில் ஒருவர் என்னை நம்பியது அப்போதுதான். நானே என்னை நம்பவில்லை. மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை அந்த எழுந்திருக்க வேண்டாம் என்கிற நினைப்போடு வீட்டில் தனியாக இருப்பது சரியில்லை, சேர்ந்துவிடுங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆலோசனை நடந்தது. பழங்காநத்தத்தில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அக்கா வந்திருந்தார், நான் மதினி என்று கூப்பிடுவேன். நல்ல மனுஷி. நிவேதா அப்போது பத்தாம் வகுப்பு. "பிள்ளைக்குப் பரிச்ச வருது. இது தெரிஞ்சா படிக்குமா? நாளைக்கு அதுக்கு ஒரு மாப்பிள்ள பாக்க வேணாமா? குடல்வால் ஆபரேசன்னு சொல்லிரு" என்றார்.

"மதுரைன்னா சொந்தக்காரங்க பாக்க வந்துருவாங்களேக்கா" என்றார் இவர்.

"கோயம்புத்தூர்னு சொல்லு. அம்புட்டுத் தூரம் யார் வரப்போறா?"

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நிவேதா துணிமணியை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாள். நான் கோயம்புத்தூர் போனேன், என் வீட்டிலிருந்து அரைமணி நேர ஆட்டோ தூரத்துக்கு.

அங்கே இருபத்தொரு நாள் இருந்தேன். பெண்கள் பகுதியில் ஓர் அறைக்கு இரண்டு கட்டில். சேலை முந்தானையில் குத்தும் ஊக்கைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார்கள். குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. முதல் நாள் அதற்காக அழுதேன். ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு வெளியே வேப்பமரம், அதற்கும் அப்பால் திருப்பரங்குன்றத்து மலை. மலை தெரிகிற ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு நான் கோயம்புத்தூரில் இருந்தேன்.

குடல்வால் என்றால் ஊரே திரண்டு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்திருக்கும். கட்டிலைச் சுற்றி நின்று, எங்க சின்ன மாமனுக்கும் இப்படித்தான் என்று கதை சொல்லியிருப்பார்கள். எனக்கு என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் வரவில்லை. ஒளித்து வைத்தது நாங்கள்தான், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பார்வையாளர் நேரத்தில், நாலு மணிக்கு, வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் கண் கதவுக்குப் போகும்.

தினமும் ஏழு மணிக்கு நிவேதா போன் பண்ணுவாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்லடா."

"கோயம்புத்தூர்ல குளிருதா?"

"லேசா."

ஜன்னல் வழியே அனல் வந்துகொண்டிருக்கும். போனை வைத்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். மகளிடம் பேசிய பிறகுதான் ரொம்பத் தனியாக இருந்தது. அவள் பேசியது வேறு யாரோ ஓர் அம்மாவிடம், வயிற்றில் தையல் போட்டுக்கொண்டு குளிரில் படுத்திருக்கும் அம்மாவிடம்.

பக்கத்துக் கட்டிலில் ருக்மணி. என் வயதுதான். மதுரை சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் ஜவுளி வியாபாரம். அவளுக்கும் இதே நோய்தான், மூன்றாவது தடவை. என்னோடு தமிழில் ரெண்டு வார்த்தை பேசுவாள், அதற்கு மேல் இரண்டு பேருக்குமே தெம்பு கிடையாது. ஆனால் மதியம் அவள் தங்கை போன் பண்ணினால் அவர்கள் மொழியில் ஒரு மணி நேரம் பேசுவாள். எனக்கு ஒரு சொல் புரியாது. அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவளிடம் பிறகு சொன்னபோது நம்பவில்லை. தமிழில் யார் என்ன சொன்னாலும் நான் புரிந்துகொள்ள வேண்டும், பதில் சொல்ல வேண்டும், முடியாது. அவள் பேச்சு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குழாயில் தண்ணீர் விழுகிற சத்தத்தைப்போல, பக்கத்தில் ஓர் உயிர் இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

மாத்திரை முதல் வாரம் வாயை வறட்டியது, குமட்டியது. நோயைவிட மருந்து மோசமாக இருக்கிறதே என்று கேட்டேன். அது முதலில் தொந்தரவைக் காட்டும், நல்லதைப் பிறகுதான் காட்டும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள் என்றார் டாக்டர்.

அந்த முதல் வாரம் நோயாளியோடு ஒருவர் இருந்தாக வேண்டும். மதினி நிவேதாவோடு இருந்ததால் இவரே லீவு போட்டு வந்தார். பகலில் வராந்தா பெஞ்சில், இரவு கட்டிலுக்குக் கீழே பாயில். இரண்டாம் நாள் ஒரு துப்பறியும் நாவலோடு வந்தார். வீட்டு அலமாரியிலிருந்து கைக்குக் கிடைத்ததை எடுத்திருக்கிறார்.

"ஒனக்குப் படிக்க முடியலன்னா நான் படிக்கிறேன். நீ சும்மா கேளு."

முத்துப்பாண்டி பத்தாவதுக்குப் பிறகு ஒரு புத்தகமும் தொட்டதில்லை. பஸ்ஸில் ஊர்ப்பெயர் சொல்கிற குரலில் படித்தார். "கதவைத் தட்டினான் கதவு திறந்தது உள்ளே ரத்த வெள்ளத்தில்" என்று முற்றுப்புள்ளி, காற்புள்ளி எதற்கும் நிற்காமல் வண்டி போயிற்று. ருக்மணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள்.

எனக்கு ஒரு வரியும் ஏறவில்லை. அதைச் சொல்லாமல் "ம்" கொட்டினேன். மூன்றாம் நாள் பார்த்தால், நான் கண்ணை மூடிய பிறகும் அவர் படித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய. நடுவில், "அட, இவனா!" என்று தொடையில் தட்டினார். அவருக்குக் கதை பிடித்துவிட்டது. நான் இருபது வருடத்துக்கும் மேலாக உள்ளே இருந்த வீட்டுக்குள் அவர் இப்போதுதான் நுழைகிறார், நான் வாசலில் நிற்கிறேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். பொறாமைகூட வரவில்லை, வெறும் தூரம்தான் தெரிந்தது.

ஆறாம் நாள் லீவு முடிந்தது. பாதியில் ஒரு பழைய டிக்கெட்டைச் சொருகி என் கட்டில் பக்கத்து அலமாரியில் வைத்தார். "நான் சாயங்காலம் வாரேன். நான் இல்லாம படிச்சிராத. கொன்னது அந்தத் தம்பிகாரன்தான்னு எனக்குத் தோணுது, பாப்போம்."

அவர் போன பிறகு மதியங்கள் நீண்டன. இரண்டு மணியிலிருந்து நாலு வரை எங்கள் அறையில் ஒன்றும் நடக்காது. மின்விசிறி சுற்றும். ருக்மணி தூங்குவாள். வேப்பமரத்தில் காக்கை வந்து உட்காரும், போகும். எனக்கு இந்த உலகத்தில் ஒரு வேலையும் இல்லை, நான் செய்த கடைசி வேலையில் ஒரு மனிதர் சாகப் பார்த்தார். அதையே திரும்பத் திரும்ப நினைத்தேன்.

பத்தாம் நாள் மதியம் நர்ஸ் வந்து மாடியிலிருந்த பெரிய அறைக்குக் கூட்டிப்போனார். கூடை பின்னுவது, படம் வரைவது என்று சின்னப் பிள்ளைகள் வகுப்புபோல இருந்தது. அனிதா என்று ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், எனக்குத் தாளும் கலர் டப்பாவும் பிரஷ்ஷும் கொடுத்தாள். எரிச்சலாக வந்தது. நாற்பத்தோரு வயதில் மலையும் சூரியனும் வரையவா?

"எனக்கு வரையத் தெரியாதும்மா."

"நீங்க தெனம் பாக்குற ஏதாவது ஒண்ணு போடுங்க அக்கா. எங்களுக்குக் காட்டக்கூட வேணாம்."

தினம் பார்ப்பது என்றால் எனக்கு ஒன்றுதான். ரோஸ் கலரில் தண்ணீர் நிறைய விட்டு வட்டம் போட்டேன். ஓரம் அழுத்தமாக, நடுவில் வெளிறி. சிவப்பணு. பக்கத்தில் இன்னொன்று, ஒன்றின்மேல் ஒன்று ஏறியதாகச் சில. பிறகு ஊதாவைக் குழைத்து நடுவில் ஒரு வெள்ளையணு. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தத்தைத் தேய்த்துச் சாயம் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். வெள்ளையணுவின் கரு மூன்று துண்டாக, மெல்லிய நூலால் கோத்ததுபோல இருக்கும். ஆரஞ்சுப் பொடி தூவியதுபோல ஒரு வகை உண்டு, அலர்ஜிக்காரர்களுக்கு அதிகம் வரும், அதையும் போட்டேன். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் பொட்டுப்பொட்டாக, இடையில் சிந்தியதுபோல.

பத்தொன்பது வருடம் இவற்றை எண்ணியிருக்கிறேன். இத்தனை இந்த வகை, இத்தனை அந்த வகை, அடுத்த தகடு. ஒரு நாளும் பார்த்ததில்லை. தாளில் ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது, இது அழகாக அல்லவா இருக்கிறது. அழகு என்ற நினைப்பு மனதில் எழுந்து எத்தனை மாதமாகிவிட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நிமிர்ந்தால் மணி நாலரை. ஒன்றரை மணி நேரம் நான் என்னைத் திட்டவில்லை.

அனிதா எட்டிப் பார்த்தாள். "பூவாக்கா?"

"ரத்தம்" என்றேன். அவள் முகம் மாறியதைப் பார்த்து, "பயப்படாத, லேபுல தெரியிற ரத்தம்" என்று விளக்கினேன். நான் யாருக்கோ எதையோ விளக்குவது என் காதிலேயே விநோதமாக விழுந்தது.

அறைக்கு எடுத்துப்போனேன். ருக்மணி எழுந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். "சுங்குடிச் சேலையில புள்ளி போட்ட மாதிரி இருக்கு. இந்தக் கலர்ல ஒண்ணு கட்டுனா நல்லாருக்கும்" என்றாள். மறுநாள் அவளும் மாடிக்கு வந்தாள். வரையவில்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ் கழுவும் தண்ணீரை மாற்றிக் கொடுத்தாள்.

படம் வரைந்து குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மாத்திரையும் அந்த வாரம்தான் வேலை செய்ய ஆரம்பித்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் மெஷின் கிடையாது. சில மதியங்களில் கலரைத் தொடவே முடியாமல் திரும்பி வந்து படுத்ததும் உண்டு. ஆனால் போவதற்கு ஓர் இடம் இருந்தது.

பதினைந்தாம் நாள் அந்த நாவலை எடுத்தேன், அவர் டிக்கெட் வைத்த இடத்தில். ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை நின்றது. மறுநாள் நாலு பக்கம். அதற்கு மறுநாள் ஓர் அத்தியாயம் படித்துக்கொண்டிருக்கும்போதே திடுக்கென்று ஞாபகம் வந்தது, இது நான் ஏற்கெனவே படித்த கதை. கொன்றது தம்பி இல்லை, அந்த வீட்டு வக்கீல்.

சாயங்காலம் அவர் காக்கிச் சட்டையோடு வந்தார். தேனியில் வாங்கிய கொய்யாப்பழத்தை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்து, "தம்பிகாரன்தான்டி. எழுதி வச்சுக்க" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தச் சின்ன ரகசியம் நெஞ்சுக்குள் லேசாகக் குறுகுறுத்தது. அது என்ன என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வேடிக்கையாக இருந்தது எனக்கு, அவ்வளவுதான்.

"என்ன சிரிக்கிற?" என்றார். நான் சிரித்தேனாம்.

இருபத்தொன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். ருக்மணி இன்னும் இரண்டு வாரம் இருக்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது அவள் எழுந்திருக்கவில்லை, கையை மட்டும் நீட்டினாள். பிடித்துக்கொண்டு நின்றேன்.

நிவேதா அன்றே அத்தை வீட்டிலிருந்து வந்துவிட்டாள். எனக்குச் சோறு போட்டாள், கனமானதைத் தூக்காதே என்றாள், ஆபரேஷன் செய்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் எப்படி இருப்பாளோ அப்படியே இருந்தாள். நானும் எழும்போது வயிற்றில் கை வைத்துக்கொண்டேன். மூன்று நாள் இப்படி நடித்தோம். நாலாம் நாள் மதியம், அவர் டூட்டிக்குப் போயிருந்தார். கட்டிலில் என் பக்கத்தில் வந்து படுத்தாள்.

"அம்மா, எந்தப் பக்கம் தையல்?"

"வலது பக்கம்."

"நீ நேத்து இடது பக்கம் கைய வச்ச."

நான் கூரையைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்மா. ரெண்டாவது நாளே தெரியும். அத்தை மாடியில நின்னு அப்பாட்ட போன் பேசுனாங்க, கேட்டுட்டேன்."

"அப்புறம் ஏன்டி தெனமும் வலிக்குதா, குளிருதான்னு கேட்ட?"

"வேற என்ன கேக்குறது? நீதான் சொல்லலயே." அவள் குரல் உடைந்தது. "போன வச்சுட்டு அத்தை வீட்டு பாத்ரூம்ல போய் அழுவேன். அத்தைக்கும் தெரியக்கூடாதுல்ல."

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து என் குடும்பமும், அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நானும், எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளும், ஆளுக்கொரு மூலையில் இருந்திருக்கிறோம். பதினைந்து வயதுப் பெண் இருபது நாள் தனியாக அதைச் சுமந்திருக்கிறாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அழுதேன். அந்த அழுகை பழையது மாதிரி இல்லை, நின்றது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். துண்டோடு வாசலில் நின்றது, குழாய் மாறியது, தேனிக்குப் போய் வந்தது, தாழ்ப்பாள் இல்லாத கதவு, ருக்மணி. எழுந்திருக்க வேண்டாம் என்று தோன்றியதையும், எப்படிச் சொல்வது என்று யோசித்து, சொன்னேன். படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். கடைசித் தாளைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எனக்கும் வருமா?"

அவளுக்குப் பொய் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரியலடா. அதுக்கு டெஸ்ட் கிடையாது. வரலாம், வராமயும் போகலாம். வந்தா மொத நாளே சொல்லிரு. என்ன மாதிரி நாலு மாசம் வச்சிருக்காத."

"யார்ட்ட சொல்ல?"

"என்ட்டதான்."

"நீ அப்ப கோயம்புத்தூர்ல இருந்தா?"

இனிமேல் எங்கேயும் போக மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது என் கையில் இல்லை. மூன்றாவது தடவையாக வந்து படுத்திருந்தவளின் பக்கத்தில் இருந்துவிட்டு வந்தவள் நான்.

"மறுபடி போக வேண்டியிருந்தாலும் இருக்கும்டா" என்றேன். "ஆனா எந்த ஆஸ்பத்திரி, எந்த ரூம்புன்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் போவேன். நாலு மணிக்கு வந்து பாக்கலாம்."

கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள்.

"ஸ்கூல் நாலரைக்குத்தான் விடும்" என்றாள். "அஞ்சு மணிக்கு வாரேன்."